மிஷனெரி ஞாயிறு வீடியோவும் செல்லுஞ்செலவும்: கொஞ்சம் பேசலாமா?

நொய்யல்கரை (திருப்பூர்), ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு எங்கள் சபையில் மிஷனெரி ஞாயிறு. நாங்கள் மாதாமாதம் காணிக்கை அனுப்பித் தாங்குகிற ஒரு வடநாட்டு ஊழியத்திலிருந்து வீடியோ வந்திருந்தது. ஆற்றில் ஞானஸ்நானம், பதினோரு பேர். ஒவ்வொருவரும் தண்ணீரிலிருந்து எழும்போது முகம் பளிச்சென்று தெரிகிறது, கீழே பெயரும் ஊரும் எழுத்தில் ஓடுகிறது. சபையே அல்லேலூயா சொன்னது. நானும் சொன்னேன், கண் கலங்கித்தான் சொன்னேன்.

எனக்குப் பக்கத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் வேலை செய்கிற தம்பி ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒடிசா, கந்தமால் மாவட்டம். இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது, தமிழ் தட்டுத்தடுமாறி நன்றாகவே பேசுவான். வீடியோ முடிந்ததும் அவன் அல்லேலூயா சொல்லவில்லை. என் காதோரம் குனிந்து, "அண்ணா, இவங்க ஊர் பேர் எதுக்குப் போட்டாங்க?" என்று மட்டும் கேட்டான்.

மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அப்போதுதான் முழுக்கச் சொன்னான். 2008 ஆகஸ்ட் கடைசியில், கந்தமாலில் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது, அவனுக்கு ஒன்பது வயது. ராத்திரி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள், மழை, மூன்று நாள் பச்சைக் கிழங்குதான் சாப்பாடு. திரும்பிப் பார்த்தால் வீடு இல்லை. முகாமில் பல மாதம். ஊருக்குத் திரும்ப வேண்டுமென்றால் மதத்தை விட்டுவிட்டு வா என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். அவன் அப்பா போகவில்லை, நிலம் போனது. அந்தக் கலவரத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள் என்று நான் எப்போதோ செய்தியில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவன்தான். அதில் ஒருவன் ஆறு வருஷமாக என் பக்கத்தில் நின்று துணி வெட்டிக்கொண்டிருக்கிறான், நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

நான் கேட்க வருவது இதுதான். லூக்கா 14இல் கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று ஆண்டவர் கேட்கிறார். கட்டுகிறவனே கணக்குப் பார்க்கிறான், அவனே கொடுக்கிறான், அது நியாயம். ஆனால் இங்கே ஏசி போட்ட ஆலயத்தில் உட்கார்ந்து கட்டச் சொல்வது நாம், கொடுப்பது அந்தப் பதினோரு பேர். கிணறு, ரேஷன், மகள் கல்யாணம், சுடுகாடு என்று ஊர் எதை மறுத்தாலும் அது அவர்கள் தலையில்தான் விழுகிறது. ஊழியமே வேண்டாம் என்று சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்க வேண்டாம். அனுப்புகிறவர்கள் அந்தச் செலவில் எதைத் தங்கள் தோளில் வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்கிறேன்.

கோபி_பாஸ்டர் (கோபிசெட்டிபாளையம்), ஞாயிறு இரவு 10.25

பிரதர், உங்கள் பாரம் புரிகிறது. ஆனால் இதை இப்படியே கொண்டுபோனால் கடைசியில் சாட்சியே இல்லாமல் போய்விடும். மனுஷர் முன்பாக என்னை அறிக்கைபண்ணுகிறவனை நானும் அறிக்கைபண்ணுவேன் என்பது மத்தேயு 10:32. மறைத்து வைத்த விளக்கு யாருக்கு? ஆதிச்சபை பயந்து பெயரை மறைத்திருந்தால் இன்றைக்கு நீங்களும் நானும் இல்லை.

நானும் பெரிய சபை நடத்துகிறவன் இல்லை. ஒரு கிராமத்தில் தகரக் கொட்டகையில் நாற்பது பேர். மூன்று வருஷம் முன்னால் புகார் எழுதிக் கொடுத்து, கலெக்டர் அனுமதி இல்லாத ஜெபவீடு என்று பூட்டச் சொன்னார்கள். ஆறு மாசம் வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணினோம். அந்த ஆறு மாசத்தில்தான் விசுவாசிகள் உறுதியானார்கள். உபத்திரவம் சபையை வளர்க்கும், இது நான் கண்ணால் பார்த்தது.

கருமத்தம்பட்டிக்காரி, ஞாயிறு இரவு 11.10

பாஸ்டர், அதே மத்தேயு 10இல் ஒன்பது வசனம் முன்னால் போங்கள். ஒரு ஊரில் துன்புறுத்தினால் வேறு ஊருக்கு ஓடிப்போங்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஓடுவதும் சீடத்துவத்தில் சேர்ந்ததுதான். அந்தத் தம்பியின் அம்மா காட்டுக்குள் ஓடியது விசுவாசக் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் ஊர் ஜெபமாலை மாதா கோயிலின் அக்டோபர் தேருக்கு இங்கே பாதிப் பேர் வந்திருப்பீர்கள். மறைசாட்சிகள் கதை கேட்டு வளர்ந்தவள் நான். சின்ன வயதில், இயேசு சபைக் குரு அருளானந்தர் கதை என்றால் உயிர். லிஸ்பனில் பிறந்தவர், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர். ஏன் வெட்டினார்கள் என்பது பெரியவள் ஆனபின்தான் எனக்கு உறைத்தது. மறவர் சீமைத் தலைவர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவுப்பெண், அவள் போய் அழுதாள், அங்கிருந்து வந்தது கோபம். அருளானந்தர் தன் உயிரைக் கொடுத்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் அவரிடம் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லையே? ஒரு நாள் காலையில் மனைவி, சாயங்காலம் இல்லை. எந்தப் பிரசங்கத்திலும் அவர்களுக்காக ஒரு வரி கேட்டதில்லை.

திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்துக் கிறிஸ்தவரான தேவசகாயமும் அப்படித்தான். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு, 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள், 2022 மே 15இல் புனிதர் பட்டம். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனதை எல்லாரும் சொல்வோம். அவர் மனைவி ஞானப்பூ அம்மாள் அதற்கப்புறம் சொந்த ஊரையும் சனத்தையும் விட்டு வடக்கன்குளத்தில் மீதி நாளைக் கழித்தார். தோட்டா ஒரு நாளோடு முடிந்தது, அந்த அம்மாளுக்கு அடுத்த நாளும் விடிந்ததே.

தோட்டத்துச்சாளை (பெருந்துறை), திங்கள் காலை 6.50

நான் இந்து. இந்த இழையில் எழுதலாமா என்று ராத்திரி யோசித்துவிட்டு எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாமுங்க.

முதல் விஷயம். கந்தமால் என்று எழுதினீர்கள், அது எப்படித் தொடங்கியது என்று எழுதவில்லை. 2008 ஆகஸ்ட் 23, கோகுலாஷ்டமி ராத்திரி, லட்சுமணானந்த சரஸ்வதி என்கிற 80 வயதைத் தாண்டிய சாமியாரையும் அவரோடு இருந்த நான்கு பேரையும் ஆசிரமத்துக்குள் புகுந்து கொன்றார்கள். நாங்கள்தான் செய்தோம் என்று மாவோயிஸ்டுகள் சொன்னார்கள். அதற்காக ஒன்பது வயதுப் பையன் வீட்டை எரித்தது எந்தச் சாமிக்கும் அடுக்காது, எரித்தவன் எரித்தவன்தான். ஆனால் அந்த ஐந்து பேரையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

இரண்டாவது. எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி உண்டு. ஒரு குடும்பம் மதம் மாறி வரி கொடுப்பதை நிறுத்தினால் வெறும் ஐநூறு ரூபாய் விஷயம் இல்லை அது. நீ எங்களோடு இல்லை என்று ஊர் எடுத்துக்கொள்கிறது. நோம்பியில் கோயில் கம்பத்தைச் சுற்றி ஆடின பையன் அடுத்த வருஷம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் அவன் கூட்டாளிகளுக்கும் வலிக்கும். அதையும் உங்கள் செலவுக் கணக்கில் சேருங்கள்.

மூன்றாவது, இது சொந்த வலி. எங்கள் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் இருந்தபோது யாரோ இரண்டு பேர் வந்து கேட்காமலே தலையில் கை வைத்து, உங்கள் பாவத்தால்தான் இந்த நோய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அன்று முழுக்க அழுதது. பதினாலு வருஷம் ஆச்சு, இன்னும் ஆறவில்லை.

நொய்யல்கரை, திங்கள் காலை 8.15

அண்ணா, உங்கள் அம்மாவிடம் அப்படிப் பேசியவர்களுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். நான் அவர்கள் இல்லை என்று சொல்லி நழுவ மாட்டேன். அந்த ஐந்து பேரைச் சொல்லாமல் விட்டது என் தப்புதான். தம்பி சொன்னதை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன்.

மலையடிவாரம், திங்கள் மத்தியானம் 1.05

வரி பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். நான் கவுண்டர் வீட்டுப் பெண், காலேஜில் படிக்கும்போது விசுவாசித்தேன். தம்பி கல்யாணத்தில் இணைச்சீர், அதாவது மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் செய்கிற சீர், அதைச் செய்ய என்னைக் கூப்பிடவில்லை. பெரியப்பா மகளை உட்கார வைத்துச் செய்தார்கள். மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். கூடப்பிறந்த அக்கா நான் இருக்கும்போது. இதை உபத்திரவம் என்று நான் சொல்லவே மாட்டேன், என்னை யாரும் அடிக்கவில்லை, அப்பா இன்றைக்கும் தேங்காய் மூட்டை அனுப்புகிறார். ஆனால் செலவு, ஆமாம். நானே தெரிந்து எடுத்த செலவு.

பழைய_ஊழியன் (கோவை), திங்கள் இரவு 9.30

இந்த இழையை இரண்டு தடவை படித்தேன். நான் தென் குஜராத்தில் பழங்குடிகள் நடுவில் பதினேழு வருஷம் ஊழியம் செய்து திரும்பியவன். வயது 66. இதுவரை எங்கேயும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு ஜெபமடல் அனுப்ப வேண்டும். தாங்குகிற சபைகள் எதிர்பார்க்கும், மடல் சுருங்கினால் காணிக்கை சுருங்கும், அதுதான் நிலவரம். நான் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினேன். அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள், போட்டோவோடு. இன்ன கிராமம், இவர் முன்பு ஊர்ப் பூசாரிக்கு உதவியாக இருந்தவர், இப்போது ஆண்டவரிடம் வந்துவிட்டார் என்று. அது ஒரு பத்திரிகையில் வந்து, ஆங்கிலத்திலும் போனது. 1998 கிறிஸ்துமஸ் சமயம் டாங்ஸ் மாவட்டத்தில் ஜெபவீடுகளை எரித்தார்களே, அப்போது நாங்கள் பக்கத்துத் தாலுகாவில் இருந்தோம். ஊர்க்கூட்டத்தில் அந்தப் பத்திரிகைப் பக்கத்தை நீட்டி, எங்கள் பூசாரி வீட்டை விற்றுக் காசு பார்க்கிறாயா என்று அந்த மனுஷனைக் கேட்டார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் படம் அதில் இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

அன்று ராத்திரியே எங்களை ஜீப்பில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், மனைவி, குழந்தைகளோடு. அவர் அங்கேயே இருந்தார். எங்கே போவார்? கைப்பம்பில் தண்ணீர் எடுக்க விடவில்லை, மூத்த பெண்ணின் நிச்சயம் முறிந்தது. எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஒரு வார்த்தை குறை சொல்லாமல் எனக்கு ரொட்டி சுட்டுப் போட்டார்கள். அந்த ரொட்டியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

கோபி பாஸ்டருக்கு ஒன்று சொல்ல வேண்டும், அன்போடு. அறிக்கை செய்வது அவனுடைய உரிமை. அவன் வாயால், அவன் ஊரில், அவன் நேரத்தில். அவனுக்குப் பதிலாக நாம் அறிக்கை செய்துவிட்டோம், அதுவும் அவனுக்குத் தெரியாமல். ஆதிச்சபையில் பேதுரு தானே எருசலேமில் கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசினார், யாரோ எருசலேமுக்கு வெளியே உட்கார்ந்து அவர் வீட்டு விலாசத்தை ஊருக்குச் சொல்லவில்லை.

ஒடிசாவில் ஊழியம் செய்த ஆஸ்திரேலிய மிஷனெரி கிரஹாம் ஸ்டெயின்ஸ் பற்றி எல்லாச் சபையிலும் பேசுவோம். 1999 ஜனவரியில் மனோகர்பூரில் ஜீப்புக்குள் வைத்து எரித்தார்கள், கூட அவர் பிள்ளைகள் 10 வயது பிலிப், 6 வயது திமோத்தி. அவர் 1965இலேயே பாரிபாதா போனவர், முப்பது வருஷத்துக்கும் மேல் தொழுநோயாளிகளுக்குப் புண் கழுவியவர். மற்றவர்கள் தலையில் எதையும் ஏற்றிவிட்டு அவர் ஜீப் ஏறவில்லை. அவர் மனைவி கிளாடிஸ் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு உடனே ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பாமல் அங்கேயே தங்கி அந்த நோயாளிகளைக் கவனித்தார். 2005இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஸ்டெயின்ஸ் பெயரைச் சொல்லிக் காணிக்கை எடுக்கும் நாம் அந்த முப்பது வருஷத்தைப் பேசுவதில்லை, கடைசி ராத்திரியை மட்டும் பேசுகிறோம்.

கோபி_பாஸ்டர், திங்கள் இரவு 10.50

ஐயா, படித்துவிட்டு ஜெபம் பண்ணினேன். போட்டோ விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. உத்தரப்பிரதேசத்தில் 2021 சட்டப்படி மதம் மாறுகிறவன் 60 நாள் முன்னாலேயே மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போது பெயர் வெளியே வரத்தானே செய்யும்? நாம் மறைத்து என்ன பயன்?

பழைய_ஊழியன், செவ்வாய் காலை 5.40

அதனால்தான் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும் பாஸ்டர். இது இன்று நேற்று வந்ததில்லை. ஒடிசாவில் 1967இலேயே சட்டம் வந்துவிட்டது, மத்தியப்பிரதேசத்தில் 1968. மதத்தைப் பரப்பும் உரிமை என்றால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் தமிழ்நாட்டிலேயே 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004இல் திரும்பப் போனது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உ.பி.யில் 2024 திருத்தத்துக்கு அப்புறம் சம்பந்தமே இல்லாத ஆள்கூடப் புகார் கொடுக்கலாம். நம் வீடியோவே அந்தப் புகாருக்கு ஆதாரமாகப் போய் உட்காரும். வழக்கு வந்தால் ஜாமீனுக்கு வக்கீல் வைக்க அந்த ஏழைக்கு யார் பணம் கொடுப்பது? இங்கே ஞானஸ்நானத்துக்குக் காணிக்கை கேட்டால் தட்டு நிரம்பும், வக்கீல் பீஸ் என்று கேட்டுப் பாருங்கள்.

தாராபுரம்_டீச்சர், செவ்வாய் மாலை 5.20

வடநாடு, வடநாடு என்றே போகிறதே, நம் ஊர்ப் பக்கமும் கொஞ்சம் திரும்புங்கள்.

நான் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை. எங்கள் தாத்தா காலத்தில் ஞானஸ்நானம். கோயம்புத்தூர்ப் பக்கம் 1830இலேயே லண்டன் மிஷன் வந்துவிட்டது, ஈரோட்டில் ஒரு ரோட்டையே மிஷனெரி பிரப் ஐயர் பெயரில் பிரப் ரோடு என்றுதான் சொல்வார்கள், எல்லாரும் அறிந்ததுதான். மிஷன் பள்ளிக்கூடம் இல்லையென்றால் எங்கள் அப்பா செருப்புத் தைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார், நான் டீச்சர் ஆகியிருக்க மாட்டேன். அந்த நன்றி சாகும்வரை உண்டு.

ஆனால் செலவைக் கேளுங்கள். 1950 ஜனாதிபதி ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் எஸ்சி. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள், கிறிஸ்தவரை இன்னும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களைப் பிசி பட்டியலில் வைத்திருக்கிறார்கள். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது எங்கள் தெருவே பட்டாசு வெடித்தது, நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், என் பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் இல்லை. அப்பா உண்மையைச் சொல்லிச் சர்டிபிகேட் வாங்கியதால். சித்தப்பா சர்ச்சுக்கும் வருவார், சர்டிபிகேட்டில் இந்து. அவர் மகன் இன்று அரசு வேலையில். நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், வயிறு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கின்றன. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்ல முடியாது என்று தீர்ப்புச் சொன்னபோது எங்கள் தெருவில் பல வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கந்தமாலிலும் பாணர் என்கிற தலித் சனங்களுக்கு இதே கதைதான், கிறிஸ்தவரானால் எஸ்சி கிடையாது. அந்தத் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், வெளியே இருப்பவர்கள் வைக்கும் செலவைவிட உள்ளே இருப்பவர்கள் வைப்பது அதிகம் வலிக்கும். எங்கள் பாட்டியைப் புதைக்கக் கல்லறைத் தோட்டத்தில் எந்த ஓரம் என்று சபைக்குள்ளேயே பேச்சு வந்தது. ஞானஸ்நானம் வாங்கி எழுபது வருஷம் ஆனவர் அவர். தெருவையும் சர்டிபிகேட்டையும் ஊரையும் விட்டுக்கொடுத்து வந்தவர்களுக்குச் சபையிலாவது இடம் வேண்டாமா? அனுப்புகிறவர்கள் எதைத் தோளில் வாங்குவது என்று கேட்டீர்களே. முதலில் இதை வாங்குங்கள்.

தோட்டத்துச்சாளை, செவ்வாய் இரவு 8.00

டீச்சர் எழுதியதைப் படித்தேன். எங்கள் ஊர் நோம்பியிலும் அவர்கள் தெருவுக்குத் தேர் போகாது. இதுவரை அதைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. வரியைப் பற்றிப் பேசிய நான் அதையும் பேசியிருக்க வேண்டும்.

நொய்யல்கரை, புதன் இரவு 10.15

நேற்று சபைக் கமிட்டியில் பேசினேன். எளிதாக இல்லை. காணிக்கை குறையும் என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். ஆயர் கடைசிவரை அமைதியாகக் கேட்டுவிட்டு, சபையின் பக்கத்திலிருந்து வீடியோவை எடுக்கச் சொன்னார். எடுத்தாச்சு. ஊழியத்துக்கும் எழுதிவிட்டோம், இனி முகமும் பெயரும் ஊரும் எங்களுக்கு வேண்டாம், அவை இல்லாமலே பணம் வரும் என்று. வக்கீல் செலவுக்கு வருஷத்துக்கு ஒரு ஞாயிறு காணிக்கையை ஒதுக்கக் கேட்டேன், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். விடமாட்டேன். டீச்சர் சொன்ன கல்லறைத் தோட்ட விஷயம் எங்கள் சபையிலும் உண்டு என்று நேற்றுத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன், வெட்கமாக இருந்தது. அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தம்பியிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். 2023இல் வத்திக்கான் கந்தமாலில் இறந்த 35 பேருக்குப் புனிதர் பட்ட வேலையைத் தொடங்க அனுமதி கொடுத்ததைச் சொன்னேன், அவனுக்குத் தெரிந்திருந்தது. 2015இல் லிபியா கடற்கரையில் தலை வெட்டப்பட்ட 21 பேரைப் பற்றியும் பேசினோம். இருபது பேர் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள், ஒருவர் கானா நாட்டுக்காரர், எல்லாரும் பிழைக்கப் போன கூலிகள். "நம்மள மாதிரியா?" என்று கேட்டான். உன்னை மாதிரி, தம்பி, என்றேன்.

உன் ஊருக்கு என்ன ஜெபிக்கட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம், மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து ஊர், 2008இல் யார் என்ன செய்தார்கள் என்று இரண்டு பக்கமும் தெரியும், இருந்தும் பேசி முடித்திருக்கிறார்கள். அதற்காக ஜெபிக்கச் சொன்னான். அடுத்த மாதம் பெர்ஹாம்பூர் வரை ரயில், அங்கிருந்து பஸ். என்னையும் வா என்கிறான். கம்பெனியில் லீவு கேட்டிருக்கிறேன். போட்டோ எடுக்க மாட்டேன்.